குழுக்குரலும் தனிக்குரலும்: யோகி பி-யின் இசைவாழ்வு பற்றிய ஒரு மதிப்பீடு

முன்னுரை

மலேசியத் தமிழர்தம் கலைவாழ்வை ஆராய்ந்தோர் பெரும்பாலும் சிறுகதை, புதினம், புதுக்கவிதை, மேடை நாடகம் ஆகியவற்றையே தம் ஆய்வுப் பொருளாகக் கொண்டுள்ளனர். இசை என்று வருமிடத்துக் கோயில் இசை, கருநாடக இசை, தோட்டப்புற நாட்டார் பாடல் ஆகிய மூன்றோடு ஆய்வு நின்றுவிடுவதைக் காண்கிறோம். ஆயின் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வளர்ந்த ஒரு தலைமுறை, தன் மொழியுணர்வை இம்மூன்றின் வழியாக மட்டும் பெறவில்லை. பிரிக்பீல்ட்ஸ் கடைவீதியிலும் கிள்ளானின் தெங்கு கிளானா சாலையிலும் இசைத்தட்டுகளாக விற்கப்பட்ட தமிழ்ச் சொல்லிசையின் வழியாகவும் பெற்றது. அதனை 'இளையோர் ஆரவாரம்' என்று ஒதுக்குவது எளிது; 'தமிழ்த்தொண்டு' என்று புகழ்வது அதனினும் எளிது. இவ்விரண்டும் திறனாய்வு ஆகா.

சொல்லிசைக் கலைஞர் யோகி பி-யின் இசைவாழ்வு மூன்று கட்டங்களை உடையது. 'பொயட்டிக் அம்மோ' என்னும் பன்மொழிக் குழுவில் ஒருவராகத் தொடங்கி, 'யோகி பி & நட்சத்ரா' என்னும் தமிழ்க் குழுவின் தலைவராகி, பின்னர்த் தமிழகத் திரைப்பாடல்களில் தனிக்குரலாக ஒலித்தார். இம்மாற்றத்தை வளர்ச்சி என்றே பலரும் கொள்வர். அக்கருத்தை மறுபார்வைக்கு உட்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். தனிக்குரலானபோது அவர்தம் கலை விரிந்ததா, சுருங்கியதா என்பதே நம் வினா.

குழுவிலிருந்து தனிமைக்கு: ஓர் ஒப்புநோக்கு

குழுவாகப் பிறக்கும் நகர்ப்புற இசை, தனியொருவர் கலையாக மாறுமிடத்து நேர்வது யாது என்பதை விளங்கிக்கொள்ள மேலைநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று துணைசெய்யும். 1970களில் இரண்டு நகர்ப்புறக் கலைகள் தோன்றின. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஹிப் ஹாப் தோன்றியது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் பங்க் ராக் தோன்றியது. இரண்டும் முறையான இசைப்பயிற்சியை வேண்டாதவை. சிறு முதலில் நடைபெறுபவை. கவனிப்பாரற்ற நகர்ப்புற இளையோரின் சினத்தை மூலப்பொருளாகக் கொண்டவை. பங்க் இசைஞனுக்கு ஒரு கித்தாரும் மூன்று சுரக்கட்டும் போதுமாயிருந்தன. சொல்லிசைஞனுக்கோ அக்கித்தாரும் தேவைப்படவில்லை.

1976ஆம் ஆண்டு இலண்டனில் தோன்றிய 'தி கிளாஷ்' குழுவின் பாடகரும் கித்தார் கலைஞருமாகிய ஜோ ஸ்ட்ரம்மர், பங்க் ராக் கண்ட பெருங்குரல்களுள் ஒருவர். 1986இல் அக்குழு கலைந்தது. அதன்பின் அவர் 'வாக்கர்' (1987) போன்ற திரைப்படங்களுக்கு இசையமைத்தார். 1989இல் தம் பெயரில் ஒரு தனித்தொகுப்பு வெளியிட்டார். அதனைத் தொடர்ந்து ஏறத்தாழப் பத்தாண்டுகள் முழுத்தொகுப்பு எதனையும் வெளியிடவில்லை. மீண்டும் அவர் வலுவுடன் ஒலித்தது 1999 முதல், 'மெஸ்கலெரோஸ்' என்னும் புதிய குழுவோடு சேர்ந்தபோதுதான். 2002 டிசம்பரில் அவர் மறையும்வரை அக்குழு நீடித்தது. குழுவில் உருவான குரல் குழுவை இழந்தபின் திரைத்துறையில் இடம் தேடுவதையும், மீண்டும் ஒரு குழு வாய்க்கும்போதே தன் முழுமையை அடைவதையும் இவ்வரலாற்றில் காண்கிறோம்.

இங்கு ஒரு தமிழ்த் தொடர்பும் நினைக்கத்தக்கது. இலண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்தில் சிறுபருவத்தைக் கழித்து, அகதியாக மீண்டும் இலண்டன் சென்ற மாயா அருள்பிரகாசம் என்னும் எம்.ஐ.ஏ., 2007இல் வெளியான தம் 'கலா' தொகுப்பின் புகழ்பெற்ற பாடலை 'தி கிளாஷ்' குழுவின் 1982ஆம் ஆண்டுப் பாடலொன்றின் இசைத்துணுக்கின் மேல் அமைத்தார். பங்க் இசையும் சொல்லிசையும் புலம்பெயர் தமிழர் வாழ்வில் சந்தித்த இடம் அது. எனினும் எம்.ஐ.ஏ. பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இசைத்தார். தமிழையே கருவியாகக் கொண்ட முயற்சிக்கு நாம் கோலாலம்பூருக்குத்தான் வரவேண்டியுள்ளது.

மலேசியப் பின்புலம்

மலேசிய மெல்லிசையில் தமிழர் பங்கு புதிதன்று. பினாங்கில் தோன்றிய 'ஆலிகேட்ஸ்' குழுவின் லோகநாதன் ஆறுமுகமும் அவர்தம் உடன்பிறந்த டேவிட் ஆறுமுகமும் 1970களின் இறுதி தொட்டு நாடறிந்த பாடகர்களாக விளங்கினர். லோகநாதன் 2007இல் மறைந்தபோது இனவேறுபாடின்றி மலேசியர் வருந்தினர். ஆயினும் அவர்கள் புகழ் மலாய்ப் பாடல்களால் வந்தது. நாட்டின் பொதுவரங்கில் ஏற்பினைப் பெறத் தமிழர் பிறமொழியில் பாட வேண்டும் என்பதே அன்றைய நிலை. தமிழில் பாட விழைந்தோர்க்கு எஞ்சியிருந்தது பெரும்பாலும் சென்னைத் திரைப்பாடலை மேடையில் மறுபடி பாடும் வாய்ப்பே.

கோலாலம்பூரில் பங்க் இசைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1991இல் தோன்றிய 'கார்பரேட்டர் டங்' குழு அதன் முன்னோடிகளுள் ஒன்று. ஆனால் இப்பள்ளத்தாக்கின் தமிழ் இளையோருள் மிகுதியானோர் கித்தாரைக் காட்டிலும் சொல்லிசையையே நாடினர். அதற்குக் காரணம் சொல்லிசையின் இயல்பிலேயே உள்ளது என்று கருதுகிறோம். இரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் வீட்டுமனைகளாக்கப்பட்டும் மறைந்தபோது, தோட்ட மக்கள் நகர்ப்புறப் புறம்போக்குக் குடியிருப்புகளுக்கும் பின்னர் அடுக்குமாடிகளுக்கும் இடம்பெயர்ந்தனர். இடப்பெயர்வில் உடன்கொண்டுவரத்தக்க உடைமை மொழி ஒன்றே. சொல்லையே முதலாகக் கொண்ட கலை அம்மக்களின் பிள்ளைகளைக் கவர்ந்ததில் வியப்பில்லை.

இச்சூழலில்தான் யோகி பி, லேண்ட் ஸ்லைட், சி. லோக்கோ, பாயிண்ட் பிளாங்க் ஆகியோரைக் கொண்ட 'பொயட்டிக் அம்மோ' குழு 1998இல் தன் முதல் தொகுப்பை வெளியிட்டது. ஆங்கிலம், மலாய், கந்தோனீசு, தமிழ் என நான்கு மொழிகள் அதில் இடம்பெற்றன. 2000இலும் 2003இலும் அடுத்த தொகுப்புகள் வந்தன. இக்கட்டத்தில் தமிழ் நான்கனுள் ஒன்றாகவே நின்றது. பன்மொழி நாட்டின் ஒப்புக்கொள்ளத்தக்க படிமமாக அக்குழு விளங்கியது. தமிழுக்கு அதில் இடம் இருந்தது, பொறுப்பு இல்லை. முழுத்தொகுப்பையும் தாங்கும் பொறுப்புத் தமிழுக்குக் கிட்டியது 2006இல்தான்.

'வல்லவன்': மூவர் குரல்

2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய மூவரும் இணைந்து வெளியிட்ட 'வல்லவன்', தமிழ்ச் சொல்லிசையின் முதல் முழுத்தொகுப்பு என்று பரவலாகக் கருதப்படுகிறது. 'முதல்' என்னும் அடைமொழியைப் பற்றிய வழக்கு நமக்கு முதன்மையன்று. தமிழின் ஓசையமைப்பையும் சொல்லிசையின் தாளத்தையும் இத்தொகுப்பு எவ்வாறு பொருத்தியது என்பதே ஆய்வுக்குரியது.

ஆங்கிலச் சொல்லிசை அசையழுத்தத்தின் மீது நிற்கிறது. அழுத்தம் பெறும் அசை தாளத்தின் அடியில் விழும். அடியின் இறுதியில் வரும் ஓசை ஒப்புமை, அதாவது நம் இலக்கணத்தார் கூறும் இயைபு, அதன் உயிர்நாடி. தமிழ்ச் செய்யுளோ குறில், நெடில் என்னும் மாத்திரை வேறுபாட்டின் மீது நிற்கிறது. மோனையும் எதுகையும் அடியின் தொடக்கத்திலேயே தொழிற்படுகின்றன. மேலும், தமிழில் வினைமுற்று தொடரின் இறுதியில் வருவதால், ஏன், ஆன், ஓம் போன்ற விகுதிகள் தாமாகவே இயைபைத் தந்துவிடுகின்றன. முயற்சியின்றிக் கிட்டும் இயைபு செவிக்கு விரைவில் சலிப்பூட்டும். ஆங்கிலத்தில் அரிதாகவும் அதனால் இன்பமாகவும் அமைவது தமிழில் மலிவாகிவிடுகிறது. தமிழ்ச் சொல்லிசைஞர் எவரும் கடக்க வேண்டிய முதல் தடை இதுவே.

இத்தடையைக் கடக்கும் வழி தமிழ் மரபிலேயே உண்டு. தொல்காப்பியர் செய்யுளியலில் 20 வண்ணங்களைக் கூறுகிறார். வல்லெழுத்து மிகுந்து வரும் வல்லிசை வண்ணம், குற்றெழுத்துகள் உருண்டோடும் உருட்டு வண்ணம், விரைந்து செல்லும் முடுகு வண்ணம் ஆகியன அவற்றுட் சில. அருணகிரிநாதரின் திருப்புகழ் இவ்வோசை மரபின் உச்சம். 'வல்லவன்' தொகுப்பினர் இவ்விலக்கணத்தைக் கற்றுப் பின்பற்றினர் என்று கூற நாம் முற்படவில்லை. ஆயின் அவர்தம் விரைவுப் பகுதிகளைக் கேட்போர், இரட்டித்த வல்லினமும் தொடர்ந்துவரும் குறில்களும் முரசின் வேலையைச் செய்வதை உணர்வர். இறுதி இயைபை மட்டும் நம்பி நிற்காமல் அடியின் உள்ளேயே ஓசையைப் பொருத்திக்கொள்ளுமிடங்களில் அவர்கள் வெற்றி பெறுகின்றனர். தமிழ் வினைமுற்றைத் தவிர்ப்பதற்காக ஆங்கிலச் சொல்லை அடியிறுதியில் நிறுத்துமிடங்களில் அவ்வெற்றி குறைகிறது.

இவ்விடத்து மொழிக்கலப்புப் பற்றிய குற்றச்சாட்டை எதிர்கொள்ள வேண்டும். தமிழோடு ஆங்கிலம் கலந்து பாடுவது மொழிக்கேடு என்று தமிழாசிரியர் பலர் வருந்துகின்றனர். அவ்வருத்தத்தில் நேர்மை உண்டு. தமிழ்ப்பள்ளியைக் காக்கப் போராடும் சிறுபான்மைச் சமூகத்தில் மொழித்தூய்மை என்பது வெறும் பிடிவாதமன்று. எனினும் கலப்பு என்னும் ஒரே சொல்லால் இரண்டு வேறு செயல்களைக் குறிப்பது பொருந்தாது. பேசுவோர் வாழ்வில் உள்ளபடியே இரு மொழிகளும் மாறிமாறி வருவது ஒன்று. தமிழில் சொல்லத் தேடும் உழைப்பைத் தவிர்க்க ஆங்கிலத்தை இட்டு நிரப்புவது மற்றொன்று. முன்னது பிரிக்பீல்ட்ஸ் தெருவின் உண்மை; பின்னது கலைஞனின் சோம்பல். 'வல்லவன்' தொகுப்பில் இரண்டும் உள்ளன. திறனாய்வாளர் செய்ய வேண்டியது அவற்றைப் பிரித்தறிவதேயாகும்.

தொகுப்பின் பெரும்புகழ்ப் பாடல் 'மடை திறந்து'. பாரதிராஜா இயக்கிய 'நிழல்கள்' (1980) படத்திற்காக வாலி எழுதி, இளையராஜா இசையமைத்து, எஸ்.பி. பாலசுப்பிரமணியம் பாடிய பாடலை அடியாகக் கொண்டது அது. பழைய மெட்டு பல்லவியாக நிற்க, இடையிடையே மூவரின் சொல்லிசை வருகிறது. பிறர் பாடலின் மேல் ஏறி நிற்பது எளிய வழி என்று சிலர் குறைகூறினர். அக்குறை முழுதும் தள்ளத்தக்கதன்று. ஆயினும் தேர்வின் பொருத்தத்தையும் நோக்க வேண்டும். மூலப்படத்தில் அது இசையுலகில் வாய்ப்புத் தேடும் இளைஞனின் கனவுப்பாடல். 26 ஆண்டுகள் கழித்துக் கடல்கடந்த நாட்டில் வாய்ப்புத் தேடும் மூவர் அதனை எடுத்தாள்கின்றனர். பழம்பாடல் வெறும் அலங்காரமாகாமல் ஒரு வழக்காகவே மாறுகிறது.

அப்பாடலின் தொடக்கத்தில் சென்னைக்கு வணக்கம் கூறப்படுவது கருதத்தக்கது. கிள்ளான் பள்ளத்தாக்கில் உருவான பாடல், தன் முதல் வணக்கத்தைத் தன் ஊருக்குச் சொல்லவில்லை. இதனை நன்றியுணர்வு எனலாம். வணிக நோக்கு எனலாம். நாம் இதனை மலேசியத் தமிழ்க்கலை முழுவதற்கும் உரிய ஒரு நோயின் அறிகுறியாகவும் காண்கிறோம். நம் சிறுகதையாசிரியர்கள் தமிழக இதழ்களின் ஏற்பினை நாடியதும், நம் பாடகர்கள் சென்னை ஒலிப்பதிவுக்கூடத்தை நாடியதும் இதன்பாற்பட்டனவே. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி மலேசியக் குடிமக்களுள் இந்தியர் ஏறத்தாழ 7 விழுக்காட்டினரே. இச்சிறு சந்தையை மட்டும் நம்பி ஒரு கலைஞர் வாழ்வது அரிது என்பதையும் மறத்தலாகாது.

திரைப்பாடலில் தனிக்குரல்

'வல்லவன்' பெற்ற புகழ் அக்குழுவைச் சென்னைக்கு அழைத்துச் சென்றது. வெற்றிமாறன் இயக்கிய 'பொல்லாதவன்' (2007) படத்தில் 'எங்கேயும் எப்போதும்' பாடல் புத்துருவில் அவர்தம் குரலோடு ஒலித்தது. அப்பாடலின் மூலம் கே. பாலசந்தரின் 'நினைத்தாலே இனிக்கும்' (1979). தமிழ் இசைக்குழு ஒன்று சிங்கப்பூர் சென்று பாடுவதே அப்படத்தின் கதைக்களம். அன்று தென்கிழக்காசியா சென்னைத் திரையினர்க்குக் கண்கவர் பின்புலமாக இருந்தது. 2007இல் தென்கிழக்காசியாவிலிருந்தே தமிழ்க்குரல் சென்னைக்குச் சென்று அப்பாடலுக்குள் நுழைகிறது. பின்புலமாக இருந்தவர்கள் பாடுவோராக மாறிய இத்திருப்பம் வரலாற்றுச் சிறப்புடையது.

இதன்பின் நட்சத்ரா என்னும் குழுப்பெயர் மெல்லப் பின்னுக்குச் சென்று, யோகி பி என்னும் தனிப்பெயர் முன்னுக்கு வந்தது. 'ஆடுகளம்' (2011) படத்தின் 'போர்க்களம்', 'விவேகம்' (2017) படத்தில் அனிருத்துடன் இணைந்த 'சர்வைவா', 'காலா' (2018) படத்தின் 'கற்றவை பற்றவை' ஆகியன அக்கட்டத்தின் குறிப்பிடத்தக்க பாடல்கள். இவற்றால் அவர் புகழ் மிகப் பெருகியது என்பதில் ஐயமில்லை. நம் வினா புகழைப் பற்றியதன்று, கலையைப் பற்றியது.

திரைப்பாடல் என்பது கதைத்தலைவனுக்கு உரிய இடம். அதில் சொல்லிசைக்கு அளிக்கப்படும் பங்கு பெரும்பாலும் தலைவனின் வீரத்துக்கு முழக்கம் சேர்ப்பதே. விருந்தில் ஊறுகாய்க்கு இடம் உண்டு, ஊறுகாயே விருந்தாவதில்லை. 'சர்வைவா' இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் யோகி பி-யின் உச்சரிப்பும் மூச்சுக்கட்டுப்பாடும் 2006ஆம் ஆண்டினும் தேர்ச்சி மிக்கவை. ஆயின் அக்குரல் எவர்க்காகப் பேசுகிறது என்று வினவுவோமாயின், திரையிலுள்ள தலைவன் ஒருவனுக்காகவே என்று விடைகூற நேரிடும். கோலாலம்பூரும் கிள்ளானும் அப்பாடலில் இல்லை; இருக்க வேண்டிய தேவையும் அத்திரைக்கதைக்கு இல்லை. தொழில்நுட்பம் வளர்ந்த அளவுக்குப் பொருள் வளரவில்லை என்பதே நம் மதிப்பீடு.

'கற்றவை பற்றவை' இதனின் வேறுபட்டது. பா. இரஞ்சித் இயக்கி, சந்தோஷ் நாராயணன் இசையமைத்த 'காலா', தாராவி மக்களின் நிலவுரிமைப் போராட்டத்தைப் பொருளாகக் கொண்டது. அப்பாடலில் யோகி பி தனித்து நிற்கவில்லை. அருண்ராஜா காமராஜ் உள்ளிட்ட பிற குரல்களோடு சேர்ந்தே ஒலிக்கிறார். குடியிருப்பை இழக்கும் மக்களின் சினம் தோட்டத்தை இழந்த மக்களின் வழிவந்த குரலுக்கு அயலாகவில்லை. திரைக்கட்டத்தில் அவர்தம் குரல் 'வல்லவன்' காலத்து வலிமையைத் திரும்பப் பெற்ற இடம் இதுவென்று துணிகிறோம். குழுவும் பொதுப்பொருளும் ஒருங்கே மீண்டதே அதற்குக் காரணம்.

'நாங்கள்' என்பதும் 'நாம்' என்பதும்

தமிழில் தன்மைப் பன்மை இரண்டு வகைப்படும். கேட்போரை விலக்கி நிற்பது 'நாங்கள்'. கேட்போரையும் உள்ளடக்குவது 'நாம்'. பின்னதை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். இவ்வேறுபாட்டை யோகி பி-யின் இசைவாழ்வுக்கு ஓர் அளவுகோலாகக் கொள்ளலாம். பாடல்வரிகளில் எச்சொல் வருகிறது என்பதை இங்கு நாம் எண்ணவில்லை. குரல்கள் அமைந்துள்ள முறையையே கருதுகிறோம்.

'பொயட்டிக் அம்மோ' கட்டத்தில் ஒலித்தது 'நாங்கள்': நால்வர் சேர்ந்து, தம் இருப்பை நாட்டுக்கு அறிவிக்கும் குரல். 'வல்லவன்' கட்டத்தில் அது 'நாம்' ஆயிற்று. மூவர் மாறிமாறிப் பாடுகையில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் எடுத்துக்கொள்கிறார். கேட்கும் இளைஞன் நான்காமவனாக அவ்வரிசையில் இடம்பெற்றுவிடுகிறான். அத்தொகுப்பைக் கேட்டு வளர்ந்தோருள் பலர் தாமே பாடத் தொடங்கியதற்கு இவ்வமைப்பே காரணம் எனலாம். திரைக்கட்டத்தில் பெரும்பாலும் எஞ்சியது 'நான்'. அதுவும் இன்னொருவனுக்காகக் கடனாகப் பேசப்பட்ட 'நான்'. ஸ்ட்ரம்மரின் வரலாற்றில் கண்டதும் இதனையொத்ததே. குழுவிசையில் பிறந்த குரலுக்குக் குழு என்பது ஏறியபின் தள்ளிவிடும் ஏணியன்று. அக்குரல் ஒலிப்பதற்குரிய கூடமே அதுதான்.

இதற்கு மறுப்பும் உண்டு. யோகி பி திரைக்குச் செல்லாதிருந்தால் தமிழ்ச் சொல்லிசை தமிழகத்தில் இத்துணை விரைவாகப் பரவியிராது என்பர். இது உண்மையே. கோயம்புத்தூரிலிருந்து எழுந்த 'ஹிப்ஹாப் தமிழா' 2012இல் தன் தனித்தொகுப்பை வெளியிடுவதற்கு ஆறாண்டுகளுக்கு முன்பே 'வல்லவன்' வழியமைத்திருந்தது. 2018இல் சென்னையில் அரங்கேறிய 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்', 2019இல் அறிவு வெளியிட்ட 'தெருக்குரல்' ஆகியவை வந்தபோது தமிழில் சொல்லிசை இயலுமா என்னும் வினாவே எழவில்லை. அவ்வினாவுக்கு விடை கோலாலம்பூரில் முன்னரே தரப்பட்டிருந்தது. எனினும் அவ்விடையைத் தந்தது தனிக்குரல் அன்று, 2006ஆம் ஆண்டின் மூவர் குரலே என்பதை இங்கும் நினைவிற் கொள்ள வேண்டும்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, யோகி பி-யின் உச்சம் அவர்தம் புகழ் மிகுந்த காலத்தில் அமையவில்லை என்பதும், புகழுக்கு வழியமைத்த 'வல்லவன்' காலத்திலேயே அமைந்தது என்பதும் தெளிவாகும். அத்தொகுப்பு குறையற்றதன்று. இயைபை நாடி ஆங்கிலத்திடம் கடன் வாங்கியது. பழம்பாடலின் தோளில் ஏறி நின்றது. தன் ஊர் இருக்கச் சென்னையை வணங்கியது. இருப்பினும் மலேசியத் தமிழ் இளையோர் தம் மொழியில், தம் வேகத்தில், தம்மைப் பற்றித் தாமே பேசலாம் என்பதை ஒரு முழுத்தொகுப்பின் அளவில் மெய்ப்பித்தது. ஆலிகேட்ஸ் காலத்தில் பொதுவரங்கின் நுழைவுக்கட்டணமாகத் தமிழைக் கைவிட வேண்டியிருந்தது. 'வல்லவன்' காலத்தில் தமிழே நுழைவுச்சீட்டாயிற்று.

இங்கு நமக்கும் ஒரு கடமை உண்டு. மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்குத் தொகுப்புகளும் நூலடைவுகளும் உள்ளன. மலேசியத் தமிழ்ச் சொல்லிசைக்கு அத்தகைய தொகுப்பு முயற்சி வேண்டும். 1990களிலும் 2000களிலும் வெளிவந்த இசைத்தட்டுகளை விற்ற கடைகள் பல மூடப்பட்டுவிட்டன. தட்டுகளும் தேய்ந்து வருகின்றன. அவற்றைத் திரட்டி, பாடல்வரிகளைப் பெயர்த்தெழுதி, ஓசை நோக்கில் ஆராய்வது பல்கலைக்கழகத் துறைகள் செய்யத்தக்க பணியாகும். அது நிகழுமாயின், சென்னை ஏற்றதா இல்லையா என்பதைக் கொண்டே நம் கலைஞர்களை மதிப்பிடும் வழக்கம் தளரும். நம் செவியில் நின்றது எது, ஏன் நின்றது என்பதை நாமே சொல்லும் நிலை வரும். அந்நிலை வரும்வரை, நம் நகரத்தில் பிறந்த குரலின் அருமையை நாம் பிறர் சொல்லியே அறிந்துகொண்டிருப்போம்.